பார்லர் அக்கா பதில்கள்: எண்ணெய் உறைந்தால் கலப்படமா?

குன்னூரில் 26 வருஷம் சின்னதாக ஒரு பியூட்டி பார்லர் நடத்தினேன். கடையை மூடி மூன்று வருஷம் ஆகிறது. ஆனாலும் மார்க்கெட்டில் பார்க்கிறவர்கள் கத்திரிக்காய் பையைக் கீழே வைத்துவிட்டு, பின்னலைப் பிரித்துக் காட்டத்தான் செய்கிறார்கள். கார்த்திகை பிறந்ததிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல், முடி வறண்டு போகிறது என்று. அதனால் இந்த இதழ் முழுக்க அதுதான்.

மாமியார் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் கொடுத்தார். டிசம்பர் வந்ததும் பாட்டிலில் மெழுகு மாதிரி கட்டிவிட்டது. கலப்படமா? தினமும் வைத்தும் முடி வைக்கோலாக இருப்பது அதனால்தானா?
– வாசகி, கோத்தகிரி

மாமியாரைச் சந்தேகப்படாதீர்கள். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும், அது அதன் குணம். கோத்தகிரி டிசம்பரில் உறையாமல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். உறைந்துவிட்டது, ஆகவே சுத்தம் என்றும் சொல்லிவிட முடியாது. பாமாயிலில் சில வகைகளும் குளிரில் உறையும்.

நான் அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெண். கல்யாணமாகி மலையேறிய முதல் மார்கழியில் பாட்டிலைக் கவிழ்த்தால் எண்ணெய் வரவே இல்லை. குழிக்கரண்டியில் கொஞ்சம் சுரண்டிப் போட்டு அடுப்பில் நேராகக் காட்டினேன். எவ்வளவு சூடு என்று பார்க்காமல் உச்சியில் வைத்ததில் கொப்புளம் போட்டுவிட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து தலையைப் பார்த்துவிட்டு, "அடுப்புல காட்டச் சொன்னது யாரு? சுடுதண்ணில பாட்டில நிக்க வைக்கத் தெரியாதா?" என்று கேட்டார். இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன். அதற்கும் நேரமில்லையா, நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் பாதிக்குப் பாதி கலந்து வையுங்கள். நல்லெண்ணெய் நம் மலைக் குளிருக்கெல்லாம் உறையாது. விளக்கெண்ணெயை மட்டும் தனியாக நீள முடிக்குத் தேய்க்காதீர்கள். அதன் பிசுக்கில் முடி ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கவே முடியாமல் கத்திரி வைத்த கதை என் கடையிலேயே நடந்திருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எண்ணெய் வேறு, ஈரம் வேறு. குளிர்காலத்து உலர்ந்த காற்று முடியிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. எண்ணெய் புதிதாக ஈரம் கொண்டுவராது, இருக்கும் ஈரத்தைக் காவல் காக்கும். காய்ந்த வைக்கோலில் எண்ணெய் ஊற்றினால் கிடைப்பது எண்ணெய் வைக்கோல்தான். ஆகவே தினமும் வழிய வழிய வைப்பதை விட்டுவிட்டு, இரண்டு வேளையில் மட்டும் வையுங்கள். தலைக்குக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் முடியின் நீளம் முழுக்க ஒரு தடவை. குளித்துத் துவட்டிய பின், முடியில் லேசாக ஈரம் இருக்கும்போதே நுனிக்கு மட்டும் இரண்டே சொட்டு. குளிப்பதற்கு முன்னால் எதற்கு என்றால், தேங்காய் எண்ணெயிலுள்ள லாரிக் அமிலம் முடிக்குள் இறங்கக்கூடியது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு 2003-ல் வெளியான ஆய்வில், முடியின் புரதம் வீணாவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். பாட்டிகள் ஆய்வு படிக்காமலே குளிக்கிற நாளில் எண்ணெய் வைத்தார்கள்.

மகள் டெல்லியில் ஹாஸ்டலில் படிக்கிறாள். தலையில் வெள்ளை வெள்ளையாக உதிர்கிறதாம். எண்ணெய் வை என்று போனில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. வைத்தால் இன்னும் அதிகமாகிறது என்கிறாள்.
– ஓர் அம்மா, மதுரை

மகள் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள் அம்மா. அவளிடம் இரண்டு விஷயம் விசாரியுங்கள். உதிர்வது உலர்ந்த மாவு மாதிரி தோளில் கொட்டுகிறதா, தலைத்தோல் இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கிறதா? அப்படியானால் வறட்சி. மாறாக, மஞ்சளாகப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு அரிப்பும் இருந்தால், மூக்கோரம், புருவத்தில் சிவந்தும் இருந்தால், அது பொடுகாக இருக்கலாம். தலைத்தோலில் இயல்பாகவே வாழும் மலசீசியா என்ற பூஞ்சைக்கு எண்ணெய்தான் தீனி. ராத்திரி முழுக்க எண்ணெய் ஊற வைப்பது அதற்கு விருந்து வைப்பது போல. நானே கடை வைத்த முதல் பத்து வருஷம் பொடுகோடு வந்தவர்களுக்கெல்லாம் சூடாக எண்ணெய் மசாஜ் செய்து அனுப்பினேன். தெரியாமல் செய்த தப்பு. பொடுகு என்றால் எண்ணெயை நிறுத்திவிட்டுத் தோல் டாக்டரைப் பார்க்கட்டும். கீட்டோகோனசோல் மாதிரி மருந்து கலந்த ஷாம்பு எழுதித் தருவார்.

வெறும் வறட்சிதான் என்றால் என் சந்தேகமெல்லாம் கீசர் மேல். டெல்லிக் குளிரில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கும். அந்தச் சூடு தலைத்தோலின் சொந்த எண்ணெயை வழித்தெடுத்துவிடும். குழந்தைக்குப் பதம் பார்ப்பது போல மணிக்கட்டின் உள்பக்கம் ஊற்றிப் பார்க்கட்டும். வெதுவெதுப்பாக இருந்தால் போதும். உடம்புக்கு வேண்டுமானால் தனியாகச் சுடவைத்துக்கொள்ளட்டும். ஈரத் தலையோடு ரூம் ஹீட்டர் முன்னால் உட்காரக் கூடாது. வாரத்துக்கு இரண்டு தலைக்குளியல் தாராளம். கம்பளிக் குல்லா போடுவாளானால் உள்ளே ஒரு பழைய பட்டுத் துணியை வைத்துத் தைத்து அனுப்புங்கள், கம்பளி உரசித்தான் நெற்றியோர முடி ஒடிகிறது. கண்டிஷனர் வாங்கினால் திட்டாதீர்கள். வெந்தயத்தை அரைத்துத் தேய்த்தால் முடிக்குக் கிடைக்கும் வழவழப்பைத்தான் அதுவும் தருகிறது. ஹாஸ்டலில் மிக்ஸிக்கு எங்கே போவாள்?

எங்கள் அம்மா சீயக்காய்தான் தேய்த்தார், அறுபது வயதிலும் அடர்த்தியான கூந்தல். நான் தேய்த்தால் மட்டும் முடி கரகரவென்று ஆகிறது. எங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீர்.
– வாசகி, ஓசூர்

அம்மா சீயக்காய் தேய்த்ததை நினைவு வைத்திருக்கிறீர்கள், அதற்கு முன்னால் அரை உழக்கு எண்ணெய் தேய்த்ததை மறந்துவிட்டீர்கள்! சீயக்காயில் நுரை தரும் சபோனின் இருக்கிறது. அதுவும் அழுக்கெடுக்கும் பொருள்தான், எண்ணெய் இல்லாத தலையில் போட்டால் இருக்கிற கொஞ்ச எண்ணெயையும் எடுத்துவிடும். அந்தக் காலத்தில் வெறும் சீயக்காயைத் தேய்த்தவர்கள் குறைவு. வடிகஞ்சியில் கரைத்தார்கள். எங்கள் அம்மா ஒரு கிலோ சீயக்காய்க்குக் கால் கிலோ பச்சைப்பயறு, 100 கிராம் வெந்தயம், 50 கிராம் பூலாங்கிழங்கு, காய்ந்த செம்பருத்திப் பூ இரண்டு கை போட்டு மில்லுக்குக் கொடுப்பார். அரைக்கிறவர் தும்மித் தும்மி எங்களைத் திட்டுவார். குளிர்காலத்துக்குப் பயறையும் வெந்தயத்தையும் இன்னும் கூட்டிக்கொள்ளலாம்.

வாரம் ஒருமுறை வெந்தயம் மட்டும் தனியாக. இரண்டு ஸ்பூன் ராத்திரி ஊறவைத்துக் காலையில் மைய அரைத்து, மறக்காமல் துணியில் வடிகட்டுங்கள். வடிகட்டாவிட்டால் சாயங்காலம் வரை தலையிலிருந்து சாம்பார் வாசனை வரும். அந்த வழவழப்பு முடிமேல் மெல்லிசாகப் படிந்து சிக்கைக் குறைக்கும். இருபது நிமிஷம் போதும், அதற்குமேல் குளிர்நாளில் ஈரத்தோடு உட்கார்ந்தால் நடுங்க வேண்டியதுதான். செம்பருத்தி இலை பத்தைக் கசக்கிப் பிழிந்தாலும் இதே வழவழப்பு வரும்.

போர்வெல் தண்ணீரின் உப்பு முடியில் படிவதும் கரகரப்புக்கு ஒரு காரணம். முழுக் குளியலுக்கும் முடியாது, கடைசி இரண்டு செம்புக்காவது காய்ச்சி ஆறவைத்துத் தெளிந்த தண்ணீரை ஊற்றுங்கள். ஐப்பசி மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

மாலை போட்டிருக்கிறேன். 41 நாளும் காலை, மாலை தலைக்குக் குளியல், எண்ணெய் வைப்பதில்லை. தலையும் தாடியும் நார் மாதிரி ஆகி அரிக்கிறது. பெண்கள் பகுதியில் கேட்கலாமா?
– வாசகர், வால்பாறை

தாராளமாகக் கேளுங்கள் சாமி. பச்சைத் தண்ணீர் முடிக்கு எதிரி இல்லை, சுடுதண்ணீரைவிட நல்லது. இரண்டு வேளையும் சோப்புக் கட்டியைத் தலையில் தேய்க்கிறீர்களோ என்றுதான் எனக்குச் சந்தேகம். தலைக்கு வெறும் தண்ணீர் போதும். வாரம் இரண்டு நாள் மட்டும் அரப்போ பாசிப்பயறு மாவோ போடுங்கள். துண்டால் பரபரவென்று தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஈரத்தில் சீப்பு வேண்டாம், ஊறிய முடி இழுத்தால் சீக்கிரம் அறுந்துவிடும். எண்ணெய் வைக்கலாமா என்பதற்குக் குருசாமிதான் பதில் சொல்ல வேண்டும், நான் நடுவில் வரமாட்டேன். கற்றாழை எண்ணெய்க் கணக்கில் வராது. மடலை நறுக்கி மஞ்சள் பால் வடியும்வரை சாய்த்து வைத்து, கழுவிவிட்டு உள்ளிருக்கும் தெளிந்த சோற்றைத் தாடியில் தடவலாம். முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் பூசிப் பாருங்கள், சிலருக்குக் கற்றாழையே அரிக்கும்.

வறட்சிக்கு முட்டை, எலுமிச்சை, சமையல் சோடா மூன்றையும் கலந்து போடலாம் என்று ஒரு தோழி சொன்னாள்.
– வாசகி, சென்னை

சென்னைக்கும் குளிர் வந்துவிட்டதா? சந்தோஷம். சமையல் சோடா சோப்பு மாதிரி காரத்தன்மை உள்ளது, முடியைச் சொரசொரப்பாக்கும். எலுமிச்சை எரியும். முட்டையைச் சுடுதண்ணீரில் அலசினால் தலையிலேயே வெந்துவிடும், அதை எடுக்க ஒரு பகல் ஆகும். முட்டையைச் சாப்பிடுங்கள். பிளந்த நுனியை எதுவும் ஒட்டவைக்காது, அரை அங்குலம் வெட்டிவிடுங்கள்.

இரண்டு வருஷமாகக் கோடையிலும் முடி வறட்சிதான், கொட்டவும் செய்கிறது. வீட்டில் மற்றவர்களுக்குக் குளிராதபோதும் எனக்கு மட்டும் குளிர்கிறது, எடையும் கூடுகிறது. என்ன எண்ணெய் வைக்கலாம்?
– வாசகி, ஊட்டி

எந்த எண்ணெயும் வேண்டாம். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் நீங்கள் சொல்கிற இத்தனையும் வரும். உங்கள் ஊர்ப் பக்கத்துத் தலைக்குந்தா உறைபனி மேல் பழி போட்டு இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டீர்கள். இந்த வாரமே டாக்டரைப் பார்த்து தைராய்டுக்கும் ரத்தசோகைக்கும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ரிசல்ட் வந்ததும் எழுதுங்கள், அதன்பிறகு வெந்தயம் ஊறவைக்கலாம்.