மகனின் கண் மருந்தை நிறுத்தட்டுமா, டாக்டர்?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. இரண்டு வருடமாகப் பங்குனி, சித்திரை வந்தால் கண் இரண்டும் சிவந்து, அரிப்புத் தாங்காமல் கசக்கிக்கொண்டே இருக்கிறான். காலையில் நூல் நூலாகப் பீளை வருகிறது. முதல் தடவை டாக்டர் எழுதித் தந்த சொட்டு மருந்தில் இரண்டே நாளில் தெளிந்துவிட்டது. அதற்குப் பிறகு அரிப்பு வரும்போதெல்லாம் காலி டப்பாவைக் காட்டி மருந்துக் கடையில் அதையே வாங்கிப் போடுகிறேன். இந்த வருடம் மட்டும் நாலு பாட்டில் ஆகிவிட்டது. அது ஸ்டீராய்டு, கண்ணைக் கெடுத்துவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். அந்தப் பயத்தில், அவனுடைய மூக்கடைப்புக்குக் காது மூக்கு தொண்டை டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டு ஸ்ப்ரேயையும் மூன்று நாளில் நிறுத்திவிட்டேன். என் காது அரிப்புக்கும் இந்தக் கண் மருந்தைத்தான் விட்டுக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் நிறுத்திவிடவா? என் அப்பாவுக்குக் கண்ணில் பிரஷர் என்று ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். (ஒரு தாய், கரூர்)

பதில்: அம்மா, உங்கள் பயம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. பயப்பட வேண்டிய கண் மருந்தை நாலு பாட்டில் வாங்கிப் போட்டுவிட்டீர்கள். அவ்வளவு பயப்படத் தேவையில்லாத மூக்கு ஸ்ப்ரேயை மூன்றே நாளில் நிறுத்திவிட்டீர்கள். இதை உங்கள் மேல் குறையாகச் சொல்லவில்லை. நன்றாகப் படித்தவர்கள் வீட்டிலும் இதேதான் நடக்கிறது.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது பாட்டில் வாங்காதீர்கள். இரண்டு மூன்று நாளுக்குள் மகனைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். போகும்போது அந்தப் பாட்டில்களையும், டப்பா இருந்தால் டப்பாவையும் எடுத்துப் போங்கள். "அலர்ஜி மருந்து போட்டோம்" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த மருந்து, ஒரு நாளைக்கு எத்தனை வேளை, எத்தனை மாதம் என்று சொல்லுங்கள். கண்ணின் அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது சிரமமான பரிசோதனை இல்லை, சில நிமிட வேலைதான். உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவிலேயே பார்த்துக்கொள்ளலாம். பல வாரம் போட்ட மருந்தைத் திடீரென்று விட்டால் அலர்ஜி முன்னைவிட வேகமாகத் திரும்பும். அதனால் எப்படிக் குறைத்து நிறுத்துவது என்பதைப் பரிசோதித்த மருத்துவர் சொல்லட்டும்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்று கேட்பீர்கள். என்னிடம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். பக்கவாட்டில் வரும் பந்து அவனுக்குத் தெரிவதே இல்லை என்று விளையாட்டு ஆசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார். அவன் அம்மா மஞ்சள் பையிலிருந்து காலி பாட்டில்களை எடுத்து மேசைமேல் ஒவ்வொன்றாக வைத்தார். பதினொன்று. எல்லாம் ஒரே மருந்து. பையனின் கண்ணில் துளிச் சிவப்பு இல்லை, வெள்ளை வெளேரென்று இருந்தது. எழுத்து அட்டையில் கடைசி வரி வரைக்கும் தடுமாறாமல் படித்தான். "கண் நல்லாத்தானே டாக்டர் இருக்கு" என்றார் அந்த அம்மா. அழுத்தம் பார்த்தேன்: வலது கண்ணில் 36, இடது கண்ணில் 42. சாதாரணமாக 10 முதல் 21 வரைதான் இருக்க வேண்டும். உள்ளே பார்வை நரம்பு குழிந்து, விளிம்பில் மெல்லிய வளையம்தான் மிச்சம் இருந்தது. நேர்ப்பார்வை கடைசியில்தான் போகும். அதனால்தான் அவனால் அட்டையைப் படிக்க முடிந்தது. ஓரப்பார்வை எப்போதோ போய்விட்டது. அறுவை சிகிச்சை செய்து அழுத்தத்தைக் குறைத்தோம். இருக்கிற பார்வையைக் காப்பாற்ற முடிந்தது, போனதைத் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. செத்த நரம்பு துளிர்க்காது. அந்தப் பதினொரு பாட்டில்களுக்கு இடையில் ஒரே ஒரு முறை யாராவது அழுத்தம் பார்த்திருந்தால் அவன் தப்பித்திருப்பான். அது இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

இது எப்படி நடக்கிறது? கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் சுரந்து, கருவிழியின் ஓரத்தில் உள்ள சல்லடை போன்ற திசு வழியாக வடிகிறது. ஸ்டீராய்டு நாள்பட விழுந்தால் சிலருக்கு அந்தச் சல்லடை மெல்ல அடைபடுகிறது. சுரப்பு நிற்பதில்லை, வடிகால் குறைகிறது. அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பை நசுக்குகிறது. வலி இல்லை, சிவப்பு இல்லை. சிவப்பைத்தான் மருந்தே மறைத்துவிடுகிறதே.

எல்லாருக்கும் இப்படி ஆகாது. 1960-களில் அமெரிக்காவில் ஆர்மலி, பெக்கர் என்ற மருத்துவர்கள் நல்ல கண்களில் ஸ்டீராய்டு சொட்டுகளைச் சில வாரம் போட்டுப் பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அழுத்தம் ஓரளவு ஏறியது. நூற்றில் நான்கைந்து பேருக்கு மிக அதிகமாக ஏறியது. யாருக்கு ஏறும் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிடச் சீக்கிரம் ஏறலாம். குடும்பத்தில் கிளாக்கோமா (கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு கெடும் நோய்) உள்ளவர்கள், அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்கள், சர்க்கரை நோயாளிகள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்குக் கண்ணில் பிரஷர் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, என்னைப் பொறுத்தவரை கடிதத்தின் முக்கியமான வரி அதுதான். பயப்படவும் வேண்டாம்: சீக்கிரம் கண்டுபிடித்து மருந்தை நிறுத்தினால் பெரும்பாலான கண்களில் சில வாரங்களில் அழுத்தம் தானே இறங்கிவிடும். அழுத்தம் தவிர, நாள்பட்ட ஸ்டீராய்டு சின்ன வயதிலேயே கண்புரையையும் கொண்டுவரும்.

அதற்காக ஸ்டீராய்டை விஷம் என்று ஒதுக்கவும் கூடாது. உங்கள் மகனுக்கு இருப்பது, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், வெயில் நாட்டுப் பிள்ளைகளுக்கு, அதிலும் ஆண் பிள்ளைகளுக்கு அதிகம் வரும் பருவகாலக் கண் அலர்ஜி. பெரும்பாலும் வயதுக்கு வரும் பருவத்தில் அடங்கிவிடும். ஆனால் கவனிக்காமல் விட்டால் மேல் இமையின் உட்புறக் கொப்புளங்கள் உரசி உரசிக் கருவிழியில் புண்ணே வந்துவிடும். அந்த மாதிரிக் கடுமையான நாட்களில் ஸ்டீராய்டு சொட்டு பார்வையைக் காப்பாற்றும் மருந்து. ஒன்றிரண்டு வாரம் போட்டு, படிப்படியாகக் குறைத்து, நடுவில் அழுத்தம் பார்த்து நிறுத்த வேண்டும். ஃப்ளூரோமெத்தலோன், லோட்டிபிரெட்னால் போன்றவை அழுத்தத்தைக் குறைவாகவே ஏற்றும். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் அதிகம் ஏற்றும். குறைவு என்றால் இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை.

மற்ற நாட்களுக்கு வேறு வழி இருக்கிறது. குளிர்ந்த நீரில் நனைத்த துணியை மூடிய கண்மேல் ஐந்து நிமிடம் வையுங்கள். அரிப்பு அடங்குவதை அவனே சொல்வான். வெயிலிலும் தூசியிலும் போகும்போது தொப்பி, கண்ணாடி போடட்டும். ஓலோபடடின் போன்ற அலர்ஜிச் சொட்டுகள் ஸ்டீராய்டு இல்லாதவை, வெயில் காலம் முழுக்க மருத்துவர் சொன்னபடி போடலாம். அதிலும் அடங்காவிட்டால் சைக்ளோஸ்போரின் சொட்டு, டாக்ரோலிமஸ் களிம்பு இருக்கின்றன. கண்ணைக் கசக்குவதை நிறுத்துவது இதில் பாதி வைத்தியம். கசக்கக் கசக்கக் கருவிழி மெலிந்து கூம்பிவிடும் ஆபத்து உண்டு.

கடையில் கொடுக்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெரிய எழுத்துப் பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே பொடி எழுத்தில் உள்ள மருந்துப் பெயர்களைப் படியுங்கள். 'டெக்ஸா', 'பீட்டா', 'பிரெட்', 'மெத்தலோன்' என்று ஏதாவது கண்ணில் பட்டால் கேளுங்கள். ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டு கலந்த மருந்துகளின் பெயர் பல நேரம் 'டி' என்றோ 'டெக்ஸ்' என்றோ முடியும். கண் வலி, தூசி, உறுத்தல் என்று எதற்குக் கேட்டாலும் சில கடைகளில் கைக்கு வருவது இந்தக் கலவை மருந்துதான். வயலில் நெல் தாளோ கரும்புச் சோகையோ கண்ணில் கீறிவிட்ட ஒருவர் இதைப் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? அப்படிக் கீறிய கண்ணில் நம் பக்கம் பெரும்பாலும் பூஞ்சைதான் புண்ணாக வளர்கிறது. ஸ்டீராய்டு வலியையும் சிவப்பையும் கொஞ்சம் தணித்துவிட்டு, பூஞ்சைக்குக் கதவைத் திறந்து கொடுக்கும். ஹெர்ப்பீஸ் வைரஸ் புண்ணுக்கும் அப்படியே. வலி, வெளிச்சம் பார்க்கக் கூச்சம், பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, கண்ணில் அடி, இவற்றில் எது இருந்தாலும் கடைச் சொட்டு எதுவும் வேண்டாம். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்களும் அப்படித்தான்.

போடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கையைக் கழுவி, பாட்டிலைக் குலுக்கி, கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு. இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். கண்ணை மூடச் சொல்லி, மூக்கை ஒட்டிய உள்முனையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மருந்து தொண்டைக்கு இறங்காது. அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள். களிம்பு கடைசியில். திறந்த பாட்டிலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். தோலுக்கான பீட்டாமெத்தசோன் களிம்பை இமைமேல் தடவவே கூடாது.

இனி மூக்கு. மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன் ஸ்ப்ரேக்களில் உடலுக்குள் போவது நூற்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. ஆனால் இவை மெதுவாக வேலை செய்பவை. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். மூன்று நாளில் நிறுத்தினால் மருந்தே போடாத மாதிரிதான். அந்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள். தலையைச் சற்றுக் குனியச் சொல்லி, வலது மூக்குக்கு இடது கையாலும் இடது மூக்குக்கு வலது கையாலும் அடிக்கச் சொல்லுங்கள். குழாய் நடு எலும்பைப் பார்க்காமல் காதுப் பக்கம் பார்க்கும், மூக்கில் ரத்தம் கசிவது குறையும். மாதக்கணக்கில் போட்டால், வளர்ச்சி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆறு மாதத்துக்கு ஒரு முறை உயரம் அளந்து குறித்து வையுங்கள். கண் மருத்துவரிடமும் இந்த ஸ்ப்ரே பற்றிச் சொல்லுங்கள். உண்மையில் பயப்பட வேண்டியது, அடைப்பை உடனே திறக்கும் சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் சொட்டுகளுக்குத்தான். ஐந்து நாளுக்கு மேல் போனால் அந்தச் சொட்டே அடைப்பை உண்டாக்கும்.

உங்கள் காதுக்கு வருகிறேன். கண்ணுக்கான மருந்தைக் காதில் விடுவதுண்டு, சில பாட்டில்களில் 'கண், காது' என்று இரண்டும் போட்டிருக்கும். காதுக்கென்றே உள்ள மருந்தைக் கண்ணில் விடவே கூடாது. ஆனால் ஒரே பாட்டிலின் முனை உங்கள் காதையும் மகனின் கண்ணையும் தொடுவது தவறு, அந்தப் பாட்டிலை இன்றே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். காதரிப்புக்குப் பல நேரம் பூஞ்சைதான் காரணம். அதில் ஸ்டீராய்டு விட்டால் நாலு நாள் சுகம், அப்புறம் நனைந்த செய்தித்தாள் மாதிரி உள்ளே அடைத்துக்கொள்ளும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த சொட்டுகள் கேட்கும் சக்தியையே பாதிக்கலாம். அதனால் காதை உள்ளே பார்க்காமல் எந்தச் சொட்டும் வேண்டாம். பார்த்து எழுதிக் கொடுத்தால், பாட்டிலை உள்ளங்கையில் இரண்டு நிமிடம் வைத்துச் சூடேற்றிவிட்டு விடுங்கள்; சில்லென்று விட்டால் தலை சுற்றும்.

கடைசியாக, அப்பாவுக்கு கிளாக்கோமா என்றால் மகளான உங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். மகனுக்கு அழுத்தம் பார்க்கும் அதே நாளில் அதே நாற்காலியில் நீங்களும் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் கூடப் பிறந்தவர்களுக்கும் சொல்லி அனுப்புங்கள்.