கிரெடிட் கார்டில் துப்பாக்கி வாங்கினால் வங்கிக்கு என்ன தெரியும்?

எந்தத் துப்பாக்கி வாங்கினீர்கள் என்பது பொதுவாக வங்கிக்குப் போகாது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் கார்டில் துப்பாக்கி வாங்கியதாகவும், அது வங்கிக்குத் தெரியுமோ என்று கவலைப்படுவதாகவும் சொன்னீர்கள். கடையின் பெயர், தொகை, தேதி, கடை வகைக் குறியீடு, இவ்வளவுதான் போகும்.

அந்தக் குறியீடு பற்றிய செய்திதான் உங்களைக் கலங்க வைத்திருக்கும். துப்பாக்கிக் கடைகளுக்கென்றே 5723 என்ற எண் 2022-இல் ஒப்புதல் பெற்றது. ஃபுளோரிடா 2023-இலேயே சட்டம் போட்டு அதைத் தடுத்துவிட்டது. கலிஃபோர்னியாவோ 2025 மே முதல் கட்டாயமாக்கியது. அதனால் துப்பாக்கியையோ தோட்டாவையோ அங்கே வாங்கியிருந்தால் நிலைமை வேறு.

வங்கியை அழைத்து அந்தப் பரிவர்த்தனையின் நான்கு இலக்கக் குறியீட்டைக் கேளுங்கள். 5941 என்றால் விளையாட்டுப் பொருள் கடை என்றுதான் பதிவாகியிருக்கிறது, கவலையில்லை.

ஒன்று மட்டும்: நீதிமன்ற ஆணை வந்தால் வங்கி பதிவுகளைக் கொடுத்தாக வேண்டும். துப்பாக்கி வாங்கும்போது கடையில் நீங்கள் நிரப்பிய 4473 என்ற அரசுப் படிவமும் கடைக்காரரிடம் இருக்கும். அதை ஃபுளோரிடாவின் இந்தச் சட்டம் தொடாது.