பின்பாட்டுக்காரருக்கும் வேலை வேணும்: சூப்பர்ஹீரோ ஆட்டத்தில் சப்போர்ட் கிளாஸ் (கேள்வி பதில்)

பகடை உருட்டி, ஆளுக்கொரு சூப்பர்ஹீரோவாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ரோல்பிளே ஆட்டத்தில், கூட இருப்பவர்களைத் தூக்கிவிடுவதே வேலையான கேரக்டருக்குச் சப்போர்ட் என்று பெயர். அந்த கிளாஸை, அதாவது கேரக்டர் வகையை, தாங்களே எழுதிப் பார்க்கும் நெல்லைச் சீமை ஆட்டக்காரர்கள் கேட்டவை இங்கே. வேறாகச் சொல்லாத இடத்தில் எல்லாக் கணக்கும் ஒரே அளவுதான்: இருபது முகப் பகடை, நான்கு ஹீரோக்கள் (ஒருவர் சப்போர்ட்), ஆளுக்கு 30 ஹெச்.பி. (உயிர்ப் புள்ளி; தீர்ந்தால் ஆள் விழுவார்), பகடையில் 11க்குக் குறையாமல் விழுந்தால் அடி, ஓர் அடிக்கு 10 டேமேஜ் (ஹெச்.பி.யில் குறைவது). ஒருவர் ஆடும் முறை டர்ன்; எல்லாரும் ஒரு டர்ன் ஆடி முடித்தால் ஒரு ரவுண்ட்.

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, எங்க ஆட்டத்துல சப்போர்ட்டா வாரவ ஒவ்வொரு டர்னும் மூணு பேருக்கும் +2 குடுக்கா. ஆனா "நான் எதுக்கு இருக்கேன்"னு கேக்கா. என்ன குறை?

அந்தத் தங்கச்சி சரியாத்தான் கேக்கா. பகடை எண்ணோடு இரண்டைக் கூட்டும் +2 என்றால் அடி விழும் வாய்ப்பு 50 சதவீதத்திலிருந்து 60 ஆகும். கூடுவது பத்தில் ஒன்று. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு ரவுண்டுக்கு சராசரி 3 டேமேஜ். அவளே போய்க் குத்தியிருந்தால் சராசரி 5. டர்னைக் கொடுத்துவிட்டு இரண்டை இழக்கிறாள். அதைவிடப் பெரிய குறை, அது கண்ணுக்குத் தெரியாதது. ஐந்து ரவுண்ட் சண்டையில் மூன்று பேரும் 15 தடவை உருட்டுவார்கள். அதில் அவள் +2 முடிவை மாற்றியது சராசரி ஒன்றரைத் தடவை. அந்த ஒன்றரையையும் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

இப்படி மாற்றிப் பாருங்க. பகடை விழுந்த பிறகு +4 கொடுக்கலாம், சண்டைக்கு இரண்டு தடவைதான், டர்ன் செலவாகாது. கூட்டாளிக்கு 7 விழுந்து "போச்சு" என்று கையை எடுக்கும்போது இவள் "பொறு" என்பாள், 11 ஆகிவிடும். 7 முதல் 10 வரை விழும் வாய்ப்பு 20 சதவீதம் என்பதால், அந்த 15 உருட்டலில் சுமார் மூன்று தடவை வாய்ப்பு வரும், கையில் இருப்பதோ இரண்டு. எதற்குச் செலவழிப்பது என்ற யோசனை அவளுடையது. இரண்டு அடி சேர்ந்தால் 20 டேமேஜ். அதற்கு ஈடாக அவளுடைய சொந்தக் குத்தின் டேமேஜை 10லிருந்து 4 ஆகக் குறைத்தால் ஐந்து ரவுண்டில் மொத்தம் 30, மற்ற ஹீரோவுக்கு 25. அந்தக் கூடுதல் ஐந்தை விட்டுக்கொடுங்க. எல்லாச் சண்டையிலும் இரண்டையும் செலவழிக்க வாய்ப்பு அமையாது.

வள்ளியூர்: ஹீலர் எவ்வளவு ஆத்தணும்? கூட வச்சா சண்டை முடியவே மாட்டேங்குது, குறைச்சா யாரும் அந்த கிளாஸை எடுக்க மாட்டேங்காங்க.

அளவை விடுங்க, எத்தனை தடவை என்பதைப் பாருங்க. வில்லன் 60 சதவீதம் அடிக்கிறான், அடிக்கு 9 என்றால் ரவுண்டுக்கு 5.4. ஹீலர் ரவுண்டுதோறும் 5 ஆற்றினால் வில்லனும் ஹீலரும் ஒருவரையொருவர் அழித்துக்கொள்கிறார்கள். மிச்சமிருப்பது மூன்று பேர் ஒரு சுவரைக் குத்துவது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளே ஆட்டத்தின், 2008இல் வந்த நான்காம் பதிப்பில் இதற்கு நல்ல வழி உண்டு. லீடர் என்னும் சப்போர்ட் வகை கிளாஸ்கள் சண்டைக்கு இரண்டு தடவை, ரவுண்டுக்கு ஒன்றுக்கு மிகாமல், சிறிய ஆக்‌ஷனாக ஆற்றலாம். பெரிய ஆக்‌ஷன் அடிப்பதற்கு அப்படியே இருக்கும். நம் அளவுக்கு 12 வீதம் இரண்டு தடவை போதும்.

ஒன்று கவனிக்கணும். விழுந்தவரை எழுப்பினாலும் அதே 12 என்றால், எல்லாரும் கூட்டாளி விழும்வரை காத்திருப்பார்கள், ஏனென்றால் அதுதான் லாபம். நிற்பவருக்கு 12, விழுந்தவருக்கு 6 என்று வைங்க.

சங்கரன்கோவில்: ஷீல்டு குடுக்கிற ஹீரோ. ஒவ்வொரு அடியிலயும் 4 குறைக்கும். அடியாட்கள் வந்தா ஒண்ணுமே ஆவ மாட்டேங்கு.

அடியாள் அடி 3, 4 என்றால் 4 கழித்தால் பூச்சியம்தானே தம்பி. கழிப்பதை விட்டுப் பாதியாக்குங்க, அல்லது மொத்தம் 10 தாங்கி உடைந்துபோகும் ஷீல்டாக வைங்க. இன்னொன்று: அடி விழுந்தது தெரிந்த பிறகுதான் ஷீல்டு போட விடுங்க. முன்கூட்டியே போடச் சொன்னால் பத்துக்கு நான்கு தடவை வில்லன் அடி தப்பி ஷீல்டு வீணாகும்.

அம்பாசமுத்திரம்: நம்ம ஊரு மகுடம்ங்கிற தோல் வாத்தியத்தை வச்சு ஒரு சப்போர்ட் ஹீரோ எழுதணும் அண்ணாச்சி. எங்க தொடங்க?

கோயில் கொடையில் (திருவிழாவில்) நடக்கும் கணியான் கூத்திலேயே பாதி வேலை முடிந்திருக்கிறது. அங்கே மகுடம் இரண்டு: ஒன்று உச்சம், ஒன்று மந்தம். தலைமைப் பாடகரான அண்ணாவி பாட்டை நடத்த, பின்பாட்டும் மகுடமும் அவரைத் தாங்கும். இரண்டு மகுடத்தையும் இரண்டு நிலையாக்குங்க. ஒவ்வொரு டர்னும் ஒன்றைத்தான் அடிக்கலாம்.

உச்சம்: அடுத்த டர்ன் வரை, ஓசை கேட்கும் இரண்டு கூட்டாளிகள் தப்பிய அடியை ஒரு தடவை மறுபடி உருட்டலாம். வாய்ப்பு 50லிருந்து 75 ஆவதால் இருவருக்கும் சேர்த்து சராசரி 5 டேமேஜ் கூடும். ஒரு ஹீரோவின் குத்துக்குச் சரிசமம். மூன்று பேருக்குக் கொடுத்துவிடாதீங்க, 7.5 ஆகிவிடும். அப்புறம் மகுடக்காரர் இல்லாத குழுவே இருக்காது.

மந்தம்: ஓசை கேட்கும் எல்லாருக்கும் அந்த ரவுண்டில் விழும் முதல் அடி பாதி, யாரையும் தள்ளவோ தூக்கி எறியவோ முடியாது.

இத்தோடு நிறுத்தினால் உச்சத்தையே அடித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் இரண்டு விதி சேருங்க. ஒரே மகுடத்தைத் தொடர்ந்து மூன்றாவது டர்னும் அடித்தால் பலன் ஒருவருக்கு மட்டும். மாற்றி அடிக்கும் அந்த நொடியில் கூட்டாளி ஒருவர் உடனே இடம் மாறலாம். எப்போது மாற்றுவது என்பதுதான் இந்த கிளாஸின் ஆட்டம்.

பலவீனமும் ஓசையிலேயே இருக்கட்டும். 20 மீட்டருக்குள் கேட்கும் என்று வைத்து, சண்டையைத் திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் நடத்துங்க. ஹீரோ ஒருவர் மேல்தட்டில், இருவர் கீழ்த்தட்டில், சுற்றிலும் பஸ் ஹாரன். மகுடக்காரர் எங்கே நிற்பது என்பதே பெரிய முடிவாகிவிடும். இவருக்கு 26 ஹெச்.பி. போதும்.

ஒரு வேண்டுகோள். மகுடம் கோயில் கொடையில் சாமிக்கு முன்னால் அடிக்கப்படும் வாத்தியம். தாளத்தையும் அமைப்பையும் எடுத்துக்கிடுங்க. சாமி வருவதை ஒரு 'பவர்' ஆக்க வேண்டாம்; மேசையில் இருப்பவர் வீட்டிலேயே கொடை நடக்கும்.

களக்காடு: கூட்டாளிக்கு எக்ஸ்ட்ரா அடி குடுக்கிற கமாண்டர். ஆடுதவன் எல்லாரையும் ஏவிக்கிட்டே இருக்கான்.

இரண்டு நோய் இது. முதலாவது கணக்கில்: குழுவில் பலசாலியின் ஒரு டர்ன் சராசரி 12, கமாண்டரின் சொந்தக் குத்து 5 என்றால் எப்போதும் பலசாலிக்கே கொடுப்பான். ஒரே ஆளுக்கு அடுத்தடுத்த ரவுண்டில் கொடுக்கக்கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் தீரும். கொடுப்பதும் சாதாரண அடியாக இருக்கட்டும், பெரிய பவர் வேண்டாம்.

இரண்டாவது, விதியின் வாக்கியத்தில் இருக்கிறது. "கூட்டாளி நகர்ந்து அடிக்கிறார்" என்று எழுதினால் அது ஆணை. "கூட்டாளி ஏற்றுக்கொண்டால், நகரலாம் அல்லது அடிக்கலாம், எதை என்று அவரே சொல்வார்" என்று எழுதுங்க.

மேலப்பாளையம்: நாங்க ரெண்டு ஆறுமுகப் பகடைல ஆடுதோம், 7 வந்தா ஜெயம். +1 சின்னதுதானே?

சின்னது இல்லை. சும்மா உருட்டினால் 58 சதவீதம், +1க்கு 72, +2க்கு 83, +3க்கு 92. மொத்தம் +2க்கு மேல் போகவே விடாதீங்க. இரண்டு சப்போர்ட் இருந்தால் பெரியது ஒன்றுதான் செல்லும்.

தென்காசி: வில்லனை ஒரு ரவுண்ட் உறைய வைக்கிற பவர். தலைமை வில்லன் சும்மாவே நிக்கான்.

நான்கு பேருக்கு எதிரே ஒருத்தன். அவன் டர்னைப் பறித்தால் எதிர்ப்பு முழுவதும் போய்விடும். பத்து அடியாட்களில் ஒருவனை உறைய வைத்தால் பத்தில் ஒரு பங்குதான். தலைமை வில்லனுக்கு ரவுண்டுக்கு இரண்டு ஆக்‌ஷன் கொடுத்து, உறைதல் அதில் ஒன்றை மட்டும் பறிக்கட்டும்.

திருநெல்வேலி டவுன்: சண்டை இல்லாத காட்சியில சப்போர்ட்டுக்கு என்ன வேலை?

சூப்பர்ஹீரோ ஆட்டத்தில் ஆளைக் காப்பாற்றுவதுதானே முதல் வேலை. தாமிரபரணியில் வெள்ளம், குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் சூழ்கிறது. 20 பேர் சிக்கியிருக்கிறார்கள், நான்கு ரவுண்டில் தண்ணீர் தலைக்கு மேல். ஹீரோ ஒருவர் ரவுண்டுக்கு ஒருவரைத் தூக்கலாம் என்றால் நான்கு பேர் சேர்ந்து 16. நான்கு பேர் மிச்சம். சப்போர்ட்டுக்கு ஒரு பவர் கொடுங்க: ஒரே இடத்தில் அவரோடு சேர்ந்து வேலை செய்பவரும் அவருமாக இரண்டுக்குப் பதில் மூன்று பேரைத் தூக்கலாம். ரவுண்டுக்கு ஒன்று கூடி, 20 சரியாக முடியும். இரண்டாம் ரவுண்டில் மதகு பக்கம் வில்லனைக் காட்டுங்க. ஒருவர் அங்கே போனாலும் கணக்கு உதைக்கும். யார் போவது என்று மேசையே பேச ஆரம்பிக்கும்.

நாங்குநேரி: குடுத்த போனஸை எல்லாரும் மறந்துபோறாங்க.

புளியமுத்து ஒரு கிண்ணம் வைங்க. போனஸ் கொடுக்கும்போது கூட்டாளியின் தாள் மேல் ஒரு முத்து. பயன்படுத்தியதும் கிண்ணத்துக்குத் திரும்பும். பெறுபவர் கையில் இருந்தால் அவருக்கே ஞாபகம் இருக்கும். மேசையில் ஒரே நேரத்தில் ஆறு முத்துக்கு மேல் கிடந்தால் கிளாஸ்தான் பாரமாகிவிட்டது. போனஸ் எண்ணிக்கையைக் குறையுங்க.

சேரன்மகாதேவி: எழுதி முடிச்ச கிளாஸ் சரியா இருக்கான்னு எப்படி பாக்க?

ஒரே வில்லனோடு மூன்று சண்டை: சப்போர்ட்டோடு ஒன்று, அவருக்குப் பதில் இன்னொரு அடிதடி ஹீரோவோடு ஒன்று, மூன்று பேர் மட்டும் ஒன்று. ரவுண்ட் எத்தனை, எத்தனை பேர் விழுந்தார்கள் என்று குறிச்சுக்கிடுங்க. முதல் இரண்டு சண்டையும் ஒரு ரவுண்டுக்கு மேல் வித்தியாசப்படக்கூடாது. சப்போர்ட் இருக்கும்போது விழுபவர் குறையணும். மூன்றாவதில் தடுமாறணும். தடுமாறாவிட்டால் வில்லன் சொத்தை, சோதனையே செல்லாது.

இதோடு, சப்போர்ட் செய்த காரியம் ஒரு முடிவை மாற்றிய ஒவ்வொரு தடவையும் தாளில் ஒரு கோடு போடுங்க. ஐந்து ரவுண்டுக்கு இரண்டு கோட்டுக்குக் கீழே என்றால் பவர் பலமில்லை; ஆறுக்கு மேல் போனால் மற்றவர்கள் டர்னை இவரே ஆடுகிறார். திருத்தும்போது ஒரு தடவைக்கு ஓர் எண்ணை மட்டும் மாற்றுங்க. இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.