வீட்டில் கட்டிய சிறு விமானத்தின் அலுமினியத்தில் வெள்ளைத் தூள் பூப்பது ஏன்?

அது அலுமினிய அரிப்பு. இரும்பில் செந்நிறமாக வருவது இதில் வெள்ளைத் தூளாக வரும். அலுமினியமும் இரும்பும் தொடும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால், இரண்டுக்கும் நடுவே மெல்லிய மின்னோட்டம் ஓடும், கரைவது அலுமினியம்தான். கொழும்பில் வெள்ளவத்தைக் கடற்கரை வீடுகளின் அலுமினிய யன்னலில் சாதாரண இரும்பு ஆணி போட்ட இடத்தைப் பாருங்கள், அதே கதை. இரத்மலானை விமான நிலையமும் கடலுக்குக் கிட்ட என்பதால் அங்கே நிறுத்தும் விமானத்துக்குத் தொல்லை கூடுதல்.

விமானத்தின் இரும்பு போல்ட்டுகளுக்குக் கட்மியம் என்ற உலோகத்தைப் பூசுவது இதற்காகவும்தான். நல்ல தண்ணீரில் கழுவுங்கள், வடிகால் துளைகள் அடைபட விடாதீர்கள். தூள் கண்டால் சுரண்டி எடுத்து (இரும்புக் கம்பளி மட்டும் வேண்டாம், துகள் ஒட்டிக்கொண்டு அரிப்பைக் கூட்டும்), தகடு எவ்வளவு மெலிந்தது என்று அளந்து, அப்புறம் பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு).

மேலே பெயிண்ட் அடித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பெயிண்டுக்குக் கீழே அரிப்பு தன் பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கும்.