ரூட் கெனால் பண்ணின மேல் கடவாப் பல்லு திரும்ப வலிக்குது, 3டி ஸ்கேன் அவசியமா?

கடலூர்ல பல் டாக்டரா இருக்கேன், உங்க கேஸுக்கு எடுத்துடுங்கன்னுதான் சொல்லுவேன். மேல் முதல் கடவாப் பல்லுக்கு பொதுவா 3 வேர், கன்னத்துப் பக்கம் ரெண்டு, அண்ணத்துப் பக்கம் ஒண்ணு, அதனால கெனால், அதாவது வேருக்குள்ள ஓடற குழாய், 3தான்னு தோணும், ஆனா கன்னப்பக்கத்து முன் வேருக்குள்ள பாதிக்கு மேல பேருக்கு இன்னொரு கெனாலும் ஓடும், எம்பி டூன்னு சொல்லுவோம், ரொம்ப மெல்லிசு, மேல டென்டின், அதாவது எனாமலுக்கு உள்ள இருக்கற பல்லோட கெட்டிப் பகுதி, மூடியிருக்கும். அது விட்டுப்போனா கிருமி உள்ளயே தங்கிடும், மாசக்கணக்கா கழிச்சுகூட வலி வரும்.

சாதா எக்ஸ்ரேல வேரெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு விழுந்து, கன்ன எலும்பும் சேந்து மறைச்சிடும். நீங்க கேக்கற 3டி ஸ்கேன், அதாவது சிபிசிடில பல்லை வெள்ளரிக்கா நறுக்குன மாதிரி வட்டம் வட்டமா பாக்கலாம். தேவனாம்பட்டினத்துலேந்து வந்த ஒரு அக்காவுக்கு அப்படிப் பாத்தப்ப, அடைச்ச 3 கெனாலும் வெள்ளப் புள்ளியா இருந்துச்சு, ஓரத்துல கடுகளவு கருப்பா ஒண்ணு, அதான் விட்டுப்போனது, பாவம் அவ்ளோ நாள் வலியோட இருந்திருக்காங்க.

கதிர்வீச்சு சாதா எக்ஸ்ரேவ விட ஜாஸ்தி, அதனால அந்தப் பல்லு வர்ற சின்ன ஏரியா மட்டும் எடுக்கச் சொல்லுங்க. மெட்டல் கேப் இருந்தா படத்துல கோடு கோடா விழும், முன்னாடியே சொல்லிடுங்க.