ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்குப் பிறகு வரும் 'எம்.ஆர்.டி. நெகட்டிவ்' அறிக்கையை எப்படி வாசிப்பது?

கேள்வி: கொடையாளரிடமிருந்து ஸ்டெம் செல் பெற்ற ஒருவரின் உடலில் இரத்தப் புற்றுநோய் எஞ்சியிருக்கிறதா என்பதை எப்படிக் கண்டறிகிறார்கள்? எம்.ஆர்.டி. (நுண்ணோக்கியில் தெரியாத அளவில் எஞ்சியிருக்கும் நோய்) சோதனை நெகட்டிவ் என்று வந்துவிட்டால் நோய் முற்றிலும் நீங்கிவிட்டது என்று கொள்ளலாமா?

அப்படிக் கொள்ள முடியாது. ஆயினும் அது மகிழ வேண்டிய அறிக்கைதான். நெகட்டிவ் வந்தவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு பாசிட்டிவ் வந்தவர்களைவிடத் தெளிவாகக் குறைவு. குருதியியல் ஆய்வகத்தில் நோயாளிகளின் மாதிரிகளைப் பரிசோதிக்கும் பணியில் இருப்பதால் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும்: எந்த முறையில், எவ்வளவு ஆழம் வரை தேடினார்கள் என்பது தெரியாமல் 'நெகட்டிவ்' என்ற சொல்லை மட்டும் வாசித்தால் அதன் உண்மையான பொருள் கிடைக்காது.

தீவிர லுகேமியா (வேகமாக வளரும் இரத்தப் புற்றுநோய்) கண்டறியப்படும் நேரத்தில் உடலில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி புற்றுச் செல்கள் இருக்கக்கூடும். சிகிச்சைக்குப் பின் எலும்பு மஜ்ஜையை நுண்ணோக்கியில் பார்க்கும்போது முதிராச் செல்கள் 5 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நோய் தணிந்ததற்கான முக்கிய அளவுகோல். ஆனால் அந்த நிலையிலும் ஆயிரம் கோடி வரை புற்றுச் செல்கள் மறைந்திருக்க இடமுண்டு. இயல்பான மஜ்ஜையிலும் முதிராச் செல்கள் சிறிதளவு இருக்கும் என்பதால், கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிய இயலாது. எம்.ஆர்.டி. சோதனைகள் இந்த இடைவெளியை நிரப்பவே உருவாயின.

அவற்றுள் பரவலாகப் பயன்படுவது ஃப்ளோ சைட்டோமெட்ரி. செல்களின் மேற்பரப்புப் புரதங்களோடு ஒளிரும் ஆன்டிபாடிகளை (குறிப்பிட்ட புரதத்தோடு மட்டும் ஒட்டும் புரதங்களை)ப் பிணைத்து, லேசர் கற்றையின் வழியே ஒவ்வொரு செல்லாகக் கடத்தி, இயல்புக்கு மாறான புரதச் சேர்க்கை கொண்டவற்றை இம்முறையில் தேடுகிறோம். பொதுவாகப் பத்தாயிரம் செல்களில் ஒன்றைக் கண்டுபிடிக்க முடியும். முடிவும் விரைவில் கிடைக்கும். ஆனால் மாற்று சிகிச்சைக்குப் பிறகு இது எளிய வேலையன்று. புதிதாக வேரூன்றி வளரும் மஜ்ஜையில் இளம் பி-செல்கள் (நோயெதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை) மிகுதியாகத் தோன்றும். அவை பி-வகைத் தீவிர லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியாவின் செல்களைப் பெரிதும் ஒத்திருப்பதால், அனுபவம் இல்லாதவர் ஆரோக்கியமான செல்லையே நோய் என்று எழுதிவிடக்கூடும். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. பி-செல்களின் மேற்பரப்பில் இருக்கும் சி.டி.19 புரதத்தைக் குறிவைக்கும் பிளினாடுமோமாப் என்ற மருந்தோ, மாற்றியமைத்த நோயெதிர்ப்புச் செல்களைச் செலுத்தும் கார்-டி சிகிச்சையோ முன்பே தரப்பட்டிருந்தால், எஞ்சிய புற்றுச் செல்கள் அப்புரதத்தை இழந்திருக்கலாம்; அதை மட்டும் அடையாளமாகக் கொண்டு தேடும் ஆய்வகத்தின் கண்ணில் அவை படாமல் போகும். ஆகவே முந்தைய சிகிச்சைகளின் முழு விவரமும் மாதிரியோடு ஆய்வகத்துக்கு வந்து சேர வேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். அந்த விவரம் இல்லாமல் வரும் படிவங்கள் எனக்கு உண்மையிலேயே கவலை தருகின்றன.

புற்றுச் செல்லுக்கே உரிய மரபணு மாற்றம் ஒன்று தெரிந்திருந்தால், அந்த மரபணுத் துண்டைப் பலமடங்கு பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். முறை இன்னும் ஆழமாகச் செல்லும். சில லுகேமியாக்களில் இரு குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் உண்டாகும் ஃபிலடெல்ஃபியா குரோமோசோமில் உருவாகும் இணைவு மரபணுவும், தீவிர மைலாய்டு லுகேமியாவில் காணப்படும் என்.பி.எம்.1 மரபணுவின் மாற்றமும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள். ஒரு லட்சம் செல்களில் ஒன்று என்ற அளவு வரைகூடக் காண முடிகிறது. அடுத்த தலைமுறை மரபணு வரிசைப்படுத்தல் பத்து லட்சத்தில் ஒன்று வரை எட்டக்கூடியது. ஆனால் பத்து லட்சத்தில் ஒன்றைத் தேட வேண்டுமானால் அதற்கும் மேற்பட்ட செல்களின் டி.என்.ஏ. கையில் இருக்க வேண்டும். செல்கள் போதாத மாதிரியை எவ்வளவு நவீனமான கருவியில் இட்டாலும் அந்த ஆழம் கிடைக்காது. லிம்ஃபாய்டு வகைகளில் எந்த மரபணு வரிசையைத் தேடுவது என்பதை நோய் கண்டறியப்பட்ட நாளின் மாதிரியிலிருந்தே பெற வேண்டியிருப்பதால், அந்த முதல் மாதிரியைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்களா என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. டி.என்.எம்.டி.3ஏ, டெட்2 போன்ற மரபணுக்களின் மாற்றங்கள் வயதானவர்களின் இரத்தத்தில் புற்றுநோய் இல்லாமலேயே காணப்படுபவை; சில வேளைகளில் அவை கொடையாளரின் செல்களோடு வந்தவையாகவும் இருக்கலாம். அவற்றை மட்டும் வைத்து நோய் எஞ்சியுள்ளது என்று முடிவெடுப்பது தவறு.

கொடையாளர் செல்களின் விகிதத்தைக் கூறும் கைமரிசம் சோதனையைப் பலர் எம்.ஆர்.டி. சோதனை என்றே எண்ணுகிறார்கள். அது, செல் யாருடையது என்று மட்டும் சொல்லும். புற்றுச் செல்லா என்று சொல்லாது. வழக்கமான முறையில் 1 முதல் 5 சதவீதத்துக்குக் குறைவான நோயாளியின் செல்கள் தென்படாது என்பதால், 'கொடையாளர் 100 சதவீதம்' என்ற முடிவுக்குப் பின்னாலும் நோய் ஒளிந்திருக்கலாம். தொடர்ந்து பார்த்து வரும்போது அந்த விகிதம் சரியத் தொடங்கினால் அது கவனிக்க வேண்டிய எச்சரிக்கை. சி.டி.34 புரதம் கொண்ட ஆரம்பநிலை இரத்தச் செல்களை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தால், மைலாய்டு வகை நோய்களில் இந்தச் சரிவு முன்கூட்டியே புலப்படும். தம்முடைய ஸ்டெம் செல்லையே திரும்பப் பெற்றவர்களுக்கு, மைலோமா நோயாளிகள் பலரைப் போல, இச்சோதனையால் பயன் எதுவும் இல்லை.

எல்லாவற்றுக்கும் அடிப்படையான மாதிரியைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. மஜ்ஜையை ஊசியால் உறிஞ்சும்போது முதல் இழுப்பில் வருவதே செறிவானது. அடுத்தடுத்த இழுப்புகளில் சுற்றியுள்ள இரத்தம் கலந்து, மஜ்ஜைச் செல்கள் நீர்த்துப்போகும். முதல் இழுப்பைப் பிற சோதனைகளுக்குக் கொடுத்துவிட்டு எஞ்சியதை எம்.ஆர்.டி.க்கு அனுப்பினால், இருக்கும் நோயும் இல்லாததாகத் தோன்றும். பி-வகை லுகேமியாவில் இரத்தத்தில் இருக்கும் புற்றுச் செல்கள் மஜ்ஜையில் உள்ளதைவிடப் பெரும்பாலும் மிகக் குறைவு என்பதால், இந்தக் கலப்பு அங்கே கூடுதலாக ஏமாற்றும். நல்ல அறிக்கை ஒன்றில், எத்தனை செல்கள் ஆராயப்பட்டன, கண்டறியும் எல்லை என்ன, மாதிரியில் இரத்தம் கலந்திருந்ததா என்பவை எழுதப்பட்டிருக்கும். இல்லையென்றால் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. மஜ்ஜை தூய்மையாக இருக்கும்போதே மூளைத் தண்டுவட நீரிலோ விரையிலோ தோலிலோ நோய் திரும்புவதும் உண்டு என்பதால், புதிய அறிகுறி எதையும் நெகட்டிவ் அறிக்கையைக் காட்டி ஒதுக்கிவிடக் கூடாது.

பாசிட்டிவ் வந்தாலும் ஒரே ஒரு முடிவை வைத்து இடிந்துபோக வேண்டாம். நாள்பட்ட மைலாய்டு லுகேமியாவில், மாற்று சிகிச்சை முடிந்த முதல் சில மாதங்களில் தென்படும் குறைந்த அளவு ஃபிலடெல்ஃபியா இணைவு மரபணு, கொடையாளரின் நோயெதிர்ப்புச் செல்கள் வேலை செய்யத் தொடங்கியதும் தானே மறைவதுண்டு. 6 மாதங்களுக்குப் பிறகு தென்படுவதற்கே எடை அதிகம். எனவே மறுமாதிரி எடுத்து உறுதிசெய்வதும், அளவு ஏறுகிறதா என்று பார்ப்பதும் முதல் வேலை. வேகமாக வளரும் நோய் வகைகளில் அதற்கு வாரக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. உறுதியானால், நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தைக் குறைப்பது, குறிவைத்துத் தாக்கும் மருந்துகளைத் தொடங்குவது, கொடையாளரின் லிம்ஃபோசைட்டுகளை (நோயெதிர்ப்பு வெள்ளணுக்களை) மீண்டும் செலுத்துவது ஆகிய வழிகளை மருத்துவர் பரிசீலிப்பார். பாதிப் பொருத்தமுள்ள உறவினரிடமிருந்து ஸ்டெம் செல் பெற்றவர்களில் சிலருக்கு, செல் தம்முடையதா பிறருடையதா என்று நோயெதிர்ப்புச் செல்களுக்குக் காட்டும் எச்.எல்.ஏ. அடையாளங்களில் பொருந்தாதவற்றைப் புற்றுச் செல்கள் உதிர்த்துவிட்டு, கொடையாளரின் செல்களுக்குப் பிடிபடாமல் தப்பிவிடுகின்றன. அந்நிலையில் அதே கொடையாளரின் லிம்ஃபோசைட்டுகள் பயன் தர வாய்ப்பு குறைவு. ஆனால் உடலின் பிற உறுப்புகளை அவை தாக்கும் அபாயம் அப்படியே இருக்கும். ஆகவே அந்தச் சிகிச்சைக்கு ஒப்புதல் தரும் முன், எச்.எல்.ஏ. இழப்பு சோதிக்கப்பட்டதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.