வீட்டை விற்கும்போது மாடி சோலாரைக் கழற்றலாமா?

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் 2024-ல் 3 கிலோவாட் சோலார் போட்டோம். 1,95,000 ரூபாய் ஆனது, 78,000 மானியம் வந்தது. வங்கிக் கடன் கொஞ்சம் பாக்கி. மகனோடு கோவைக்குப் போவதால் வீட்டை விற்கிறோம். "வாங்கறவங்க அதுக்குன்னு ஒத்த ரூபா சேத்தித் தரமாட்டாங்க, கழட்டிக் குடுங்க, 25,000-க்கு ஆள் இருக்குது" என்கிறார் புரோக்கர். கழற்றி விற்பதா, கோவைக்கு எடுத்துப் போவதா?

பதில்: ரெண்டும் வேண்டாமுங்க அம்மா. வீட்டோடு விடுங்கள், அதற்கும் சேர்த்து விலை சொல்லுங்கள்.

உங்கள் நெட் மீட்டர், அதாவது ஈ.பி.யிலிருந்து வரும் கரண்டையும் சோலாரிலிருந்து ஈ.பி.க்குப் போகும் கரண்டையும் கணக்கிடும் மீட்டர், அந்த வீட்டு ஈ.பி. சர்வீஸ் நம்பரோடு சேர்ந்தது. பேனலை வண்டியில் ஏற்றலாம், சர்வீஸ் நம்பரை ஏற்ற முடியாது. கோவையில் புது விண்ணப்பம், புது மீட்டர், ஸ்டாண்டுக்கும் வயரிங்குக்கும் மறுபடி கூலி என்று ஆகும். மானியமும் ஒரு குடும்பத்துக்கு ஒரு தடவைதான். "மருமக பேர்ல வாங்கிக்கலாம்" என்று யாராவது சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அந்த 25,000 ரூபாய் ஆளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பெருந்துறைப் பக்கம் ஒரு வீட்டில் இப்படி வந்த ஆள், வயரை கட்டிங் பிளேயரால் வெட்டி, போல்ட்டைப் பிடுங்கி, பேனலை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிக்கப்பில் அடுக்கிக்கொண்டு போனார். தளத்தில் விரல் போகும் அளவுக்கு ஓட்டைகள். ஐப்பசி மழையில் ஹாலுக்குள் சொட்டியது. வாங்கியவர் பாக்கிப் பணத்தில் 40,000 பிடித்துக்கொண்டார். சோலார் விற்ற காசு ஒழுகலுக்கே போதவில்லை. புரோக்கருக்கு இரண்டு பக்கமும் கமிஷன், நஷ்டம் முழுக்க வீட்டுக்காரருக்கு!

3 கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக 12 யூனிட் தரும். இரண்டு மாத பில்லுக்கு 700 யூனிட்டுக்கு மேல். பேனலின் மின் உற்பத்திக்கான வாரண்டி பொதுவாக 25 வருஷம், உங்களுடையது இன்னும் குழந்தை. ஒரு வருஷத்து ஈ.பி. பில்களை எடுத்து வாங்குபவர் கையிலேயே கொடுங்கள். "பில்லே வராது" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர்கள் எத்தனை ஏசி போடுவார்களோ, யாருக்குத் தெரியும். வீடு காட்டும் முன் பேனலை விடியற்காலையில் நல்ல தண்ணீரில் துடையுங்கள். போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு வெள்ளையாகப் படிந்து, பழைய பேனல் மாதிரி தெரியும்.

கடன் பாக்கியைக் கிரயத்துக்கு முன்பே அடைத்து, கடன் முடிந்ததற்கான கடிதம் வாங்கிவிடுங்கள். அக்ரிமெண்டில் 'மின்சாதனங்கள் உட்பட' என்று ஒரு வரி எழுதுவார்கள். அது போதாது. பேனல் கம்பெனி, எண்ணிக்கை, சீரியல் நம்பர்கள், பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரின் நம்பர் எல்லாம் எழுதச் சொல்லுங்கள்.

சர்வீஸ் பெயர் மாற்ற ஓரிடம், வாரண்டி மாற்ற ஓரிடம், கடனுக்கு வங்கி. சோலார் போடு போடு என்று ஊர் முழுக்கச் சொல்கிறார்கள். வீடு கைமாறும்போது எல்லாம் ஒரே மனுவில் முடிய வழி செய்தால் என்ன? அறுபது வயதுக்காரர்கள் எத்தனை படி ஏறுவது?

ஒரே ஒரு நிலையில் கழற்றத்தான் வேண்டும். வாங்குபவர் வீட்டை இடித்துக் கட்டப் போகிறார், மனைக்காகத்தான் வாங்குகிறார் என்றால், சோலாருக்கு அவர் காசு தரமாட்டார், தரவும் வேண்டியதில்லை. அவரிடம் நேரில் கேளுங்கள், புரோக்கர் வாயால் கேட்காதீர்கள். இடிப்பதாகச் சொன்னால் அதை அக்ரிமெண்டிலும் எழுதி வாங்குங்கள். பிறகு ஈ.பி.யில் எழுதிக் கொடுத்து, போட்டுக்கொடுத்த கம்பெனி ஆளையே கூப்பிடுங்கள். மெயினை அணைத்தாலும் வெயில் பட்டுக்கொண்டிருக்கும்வரை பேனலில் மின்சாரம் நிற்காது. ஆறு பேனல் வரிசையாகச் சேர்ந்தால் 250 வோல்ட்டுக்கு மேல் டிசி. தார்ப்பாய் போட்டு மூடியோ, பொழுது சாய்ந்த பிறகோதான் கை வைக்க வேண்டும். இடிக்க வரும் ஆட்களே கழற்றட்டும் என்று விட்டுவிடாதீர்கள், உயிர் போகும்.

வீட்டோடு விற்றால், இன்வெர்ட்டருக்கான மொபைல் செயலியின் பாஸ்வேர்டையும் வாரண்டி அட்டைகளையும் முழுப் பணம் கைக்கு வந்த அன்றைக்குக் கொடுங்கள், அட்வான்ஸ் வாங்கிய அன்றைக்கு அல்ல.